கொசுறாய்க் கொடுத்த எண்

விஜயராஜ் புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரர் வீட்டில் பிறந்தவன். பேச்சு வருவதற்கு முன்பே அவனுக்குப் பேரம் வந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அப்பாவின் கடையில் அவன் கற்றுக்கொண்டது இரண்டே சங்கதி. வியாபாரம் படிந்தவரைக் கொசுறு கொடுக்காமல் அனுப்பக்கூடாது. கடை ஏறி வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. சரக்கு இல்லாவிட்டால் 'நாளைக்கு வரும்' என்றுதான் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் முதலாகப் போட்டுத்தான் சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் கம்ப்யூட்டர் கடை திறந்தான். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி பேனர், ஆன்லைன் விண்ணப்பம் என்று எது கேட்டாலும் செய்து கொடுப்பான்.

எம்.எல்.ஏ. பெத்துராஜுக்கு வெப்சைட் செய்யும் வேலை அவனுக்குக் கிடைத்தது. பெத்துராஜும் அரசியலுக்கு வருமுன் உரக்கடை வைத்திருந்தவர்தான். இரண்டு வியாபாரிகள் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன ஆகும்? மூன்று காப்பி ஆகும். பாதி விலைக்கு இறங்கி வந்த பிறகும் எம்.எல்.ஏ.வின் முகம் மலரவில்லை. அப்போதுதான் விஜயராஜ் அந்தக் கொசுறைக் கொடுத்தான். முதல் பக்கத்தில், அவருடைய சிரித்த முகத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில் ஓர் எண். 'இதுவரை தீர்க்கப்பட்ட மனுக்கள்.'

"மனு வர வர நம்பர் தன்னால ஏறும் அண்ணாச்சி" என்றான்.

"தீர்த்து வச்சாத்தானவே ஏறணும்?"

"தீர்ந்த பொறவு யாரு வந்து நம்மகிட்டச் சொல்லுதா?"

பெத்துராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். பேரம் படிந்தது.

வெறும் அலமாரியைக் காட்டிக் கடை திறப்பவர் உண்டா? காலி டப்பாக்களை அடுக்கிவைப்பதுபோல் எண்ணை முன்னூறில் தொடங்கினான். யார் மனு போட்டாலும் அடுத்த நிமிடமே அவர்கள் போனுக்குச் செய்தி போகும்: 'தங்கள் மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. நன்றி.' மனுக்கள் போய்ச் சேரும் மெயிலின் கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எம்.எல்.ஏ.வின் உதவியாளரிடம் கொடுத்தான். அது சட்டைப்பையோடு சலவைக்குப் போனது. அவரும் வேறு கேட்கவில்லை, இவனும் கொடுக்கவில்லை. ஆடித்தபசுத் திருவிழாப் படங்கள், காதுகுத்து வீட்டுப் படங்கள், திறப்பு விழா ரிப்பன் என்று தளம் களைகட்டியது. ரேஷன் கடை வாசல்தோறும் கட்டங்கட்டமான ஸ்கேன் படத்தோடு பேனர் தொங்கியது: 'உங்கள் எம்.எல்.ஏ. உங்கள் விரல் நுனியில்.' பேனரை அடித்ததும் விஜயராஜ்தான்.

தளத்தின் அடியில் தன் கடைப் பெயரையும் தெருவையும் பொடி எழுத்தில் போட்டிருந்தான். நாலு பேர் வேலை கொடுப்பார்கள் என்ற நப்பாசை. அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு ஒருநாள் காலையில் சண்முகசுந்தரி கடை ஏறினாள்.

பனவடலிசத்திரத்துப் பெண். நெற்றியில் பெரிய குங்குமம், கையில் கீறல் விழுந்த போன். புருஷன் மகாராஜா சவூதியில், தம்மாமில் கிரேன் ஓட்டினான் என்றாள். நெஞ்சு வலி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பதினெட்டு நாளாக உடம்பு ஆஸ்பத்திரிப் பெட்டியில் இருக்கிறது. அனுப்பச் சம்மதம் என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும், மேலிடத்து வழியாக அனுப்பினால் சீக்கிரம் வரும் என்று கம்பெனியில் சொன்னார்களாம். பேனரைப் பார்த்து, கடிதத்தைப் படம் பிடித்து எம்.எல்.ஏ.வின் தளத்தில் ஏற்றியிருக்கிறாள். நடவடிக்கை எடுத்தாயிற்று என்று பதிலும் வந்துவிட்டது. எந்த நாள் வரும் என்று தெரிந்தால் பந்தலுக்குச் சொல்லிவிடலாம்.

விஜயராஜின் பார்வை குங்குமத்தில் நின்றதை அவள் கவனித்துவிட்டாள்.

"உடம்ப வீட்டுக்குக் கொண்டாந்த பொறவுதான் அண்ணாச்சி இதெல்லாம் எடுக்கணும். அதுவரைக்கும் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

அந்தச் செய்தி தானாகப் போவது, அதை யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் கடை ஏறி வந்தவளிடம் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் பழகவில்லை.

"வந்துரும் தங்கச்சி" என்றான்.

ஊர் டீச்சர் திங்கட்கிழமை தென்காசிக்குப் போய்க் கலெக்டரிடம் நேரில் மனு கொடுக்கச் சொல்வதாகவும், போகட்டுமா என்றும் கேட்டாள்.

"இங்கன முடிஞ்ச காரியத்துக்கு எதுக்கு அலைச்சல்? அண்ணாச்சிகிட்ட நான் சொல்லுதேன்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். விஜயராஜ் உண்மையாகவே சொல்ல நினைத்தான். அன்று மாலையே போன் போட்டான், எம்.எல்.ஏ. ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். மறுநாள் அவரே கூப்பிட்டுத் தன் படம் மங்கலாக இருப்பதாகச் சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில் இது மறந்தது. அதற்கடுத்த நாள் நினைவு வந்தபோது, பதினெட்டு நாள் கழித்து வந்த சங்கதி இன்னொரு நாள் தாங்கும் என்று தோன்றியது. அப்புறம் பள்ளிக்கூட அட்மிஷன் கூட்டம் கடையில் மொய்த்தது.

ஒன்றரை மாதம் கழித்து எம்.எல்.ஏ.விடமிருந்து ஒரு படம் வந்தது, தளத்தில் போடச் சொல்லி. ஓர் ஓட்டு வீட்டின் முன்னால் பெத்துராஜ் கைகூப்பி நிற்கிறார். எதிரே ஒரு பெண், நெற்றி வெறுமையாக. பக்கத்து நாற்காலியில் மாலை போட்ட படம். படத்திலிருப்பவனுக்குப் பின்னால் ஒரு கிரேன். படத்தோடு விவரமும் வந்திருந்தது: குடும்பத்திடமிருந்து கடிதம் வரவில்லை என்று கம்பெனிக்காரர்கள் காத்துப் பார்த்துவிட்டு அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

விஜயராஜ் கடவுச்சொல்லைத் தேடி எடுத்து மெயிலைத் திறந்தான். ஆயிரத்துச் சொச்சம் மனுக்கள் திறக்கப்படாமல் கிடந்தன. அவளுடைய கடிதமும் கிடந்தது. கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆனால் செல்லும்.

எம்.எல்.ஏ.வுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். "லெட்டர் பேடுல ஒத்த வரி எழுதியிருப்பேனேவே. எனக்குத் தெரிஞ்ச ஆளுக அங்கன இருக்காங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் விஜயராஜைச் சுட்டது. அந்த மனுஷன் செய்யக்கூடியவர்தான்.

படத்தை அவன் ஏற்றவில்லை. ஏற்றச் சொல்லி அவரும் திரும்பக் கேட்கவில்லை.

நாலாம் நாள் சண்முகசுந்தரி வந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று விஜயராஜ் எழுந்து நின்றான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"எம் மனுவ யாருமே பாக்கலன்னு எம்.எல்.ஏ. சொல்லிட்டாரு" என்றாள்.

"ஆமா தங்கச்சி. யாரும் பாக்கல." எத்தனையோ வருஷத்தில் கடைக்குள் நின்று அவன் சொன்ன முதல் 'இல்லை' அது.

"அத அன்னிக்கே சொல்லியிருந்தா தென்காசிக்குப் போயிருப்பேன்லா அண்ணாச்சி. பஸ்ஸுல ஏற எனக்குத் தெரியாதா?"

அவள் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள். தளம் திறந்துதான் இருந்தது. தீர்க்கப்பட்ட மனுக்கள்: 1,417.

"இதுல எம் மனுவும் சேந்திருக்கும்லா?"

"சேந்திருக்கு."

"அது தீரல. அந்த ஒண்ணக் கொறச்சிருங்க. வேற ஒண்ணும் கேக்க வரல."

விஜயராஜ் உட்கார்ந்து உள்ளே நுழைந்து தேடினான். ஏறுவதற்கு வழி வைத்திருந்தான். இறங்குவதற்கு எங்கேயும் வழி வைக்கவில்லை. கொசுறாய்க் கொடுத்த சரக்கைத் திரும்ப வாங்க நேரும் என்று எந்த வியாபாரி நினைப்பான்? வியர்வை வழிய வழிய எதையெதையோ மாற்றினான். அவள் பொறுமையாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொகுதியின் எந்த மூலையிலோ, எந்த பேனரின் முன்னாலோ, யாரோ விரலால் தொட்டிருக்க வேண்டும். அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் அசைந்தது. 1,418.

சண்முகசுந்தரி மெல்ல எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"கூடிட்டே, அண்ணாச்சி" என்றாள்.