சம்பந்திகளுக்கு நடுவே ஒரு மண்மேடு

மாநகராட்சியில் மழைநீர்க் கால்வாய்களைப் பார்த்துக்கொண்ட என்ஜினீயருக்கு ஊரார் வைத்த பெயர் கால்வாயார். ரயில்வேயில் தண்டவாளங்களையும் பாலங்களையும் கட்டி மேய்த்த என்ஜினீயருக்குத் தண்டவாளத்தார் என்று பெயர். கால்வாயாரின் மகளைத் தண்டவாளத்தாரின் மகன் கட்டிக்கொண்டதால் இருவரும் சம்பந்திகள். சம்பந்திகள் ஆன அன்றைக்கே பேச்சுவார்த்தை நின்றுபோனது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்த கால்வாயார் மேடை போட்டவர், பூக்காரர், விளக்குக்காரர், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஆள் வரைக்கும் நன்றி சொன்னார். மாப்பிள்ளையைப் பெற்றவரை மட்டும் விட்டுவிட்டார். வேண்டுமென்று விட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மறந்துபோனதற்கு எந்த முகத்தோடு கேட்பது? தண்டவாளத்தார் சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டார். சாப்பிடாமல் போனது அவர் தப்பு என்று இவரும், பேர் சொல்லாமல் விட்டது இவர் தப்பு என்று அவரும் இரண்டு வருஷமாகப் பிடித்த பிடியில் நின்றார்கள்.

"நன்றி சொல்றதுக்கு என்ன வரியா கட்டணும்? இப்பவாவது ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்" என்று கால்வாயாரின் மனைவி சொல்லிப் பார்த்தாள்.

"பொண்ணு வீட்டுச் சோறு அவருக்கு ஏன் இறங்கலேன்னு முதல்ல அவரைச் சொல்லச் சொல்லு."

அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை. சுவரோடு பேசினால் சுவராவது எதிர்ப்பேச்சு பேசாது.

இளம் ஜோடி குடியிருந்தது ரயில் மேட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருந்த தெருவில். மழை பெய்தால் அந்த மேடு அணை மாதிரி நின்றுவிடும். தண்ணீர் அந்தப் பக்கம் போக மேட்டுக்கு அடியில் இருந்த ஒரே வழி ஒரு பழைய குழாய். அதில் பூனை நுழையலாம், வெள்ளம் நுழையாது. மழைக்கு மழை தெரு நிறையும், வீட்டுக்குள் செருப்பு மிதக்கும். இந்த வருஷம் மகள் மாசமாக வேறு இருந்தாள். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் ஒரு கம்பெனி வேலை தருவதாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மாமனார் வருவார், ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவார். நாள் மாறி வந்து இரண்டு பேரும் எதிர்ப்பட்டுவிடக் கூடாது என்பது எழுதாத சட்டம். மகள் இரண்டு பேரிடமும் தனித்தனியே ஒரே செய்தியைச் சொன்னாள்.

"அப்பா, இந்த மழையில வாசப்படி தாண்டித் தண்ணி வந்துச்சுன்னா நாங்க அந்த ஊருக்கே போயிடுவோம். கட்டில் மேல குழந்தையை வெச்சுக்கிட்டு நான் வாளியோட நிக்க முடியாது."

கால்வாயாருக்கு அது முதல் பேரக்குழந்தை. அதைப் போனுக்குள் பார்த்துக் கையசைப்பதா? அதற்கா இத்தனை வருஷம் ஊர்ச் சாக்கடையெல்லாம் இறங்கி ஏறினோம்?

நல்லவேளையாக வெள்ளத் தடுப்புத் திட்டம் ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. மேட்டுக்கு அடியில் ரயில்வே ஒரு பெரிய கான்கிரீட் பெட்டியைத் தள்ள வேண்டும். அதில் ஒரு மாடே படுத்துப் புரளலாம். தெருப் பக்கமிருந்து மாநகராட்சி அகலமான கால்வாய் வெட்டி அந்தப் பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கால்வாயார் ஊண் உறக்கம் இல்லாமல் நின்று வெட்டினார். அந்தப் பக்கம் தண்டவாளத்தார் ரயில்களை நிறுத்தி வைத்துப் பெட்டியைத் தள்ளினார். சொன்ன தேதிக்கு முன்னாலேயே இரண்டு வேலையும் முடிந்தது. போட்டி அப்படி.

ஆனால் கால்வாய் முடிந்த இடத்துக்கும் பெட்டி தொடங்கிய இடத்துக்கும் நடுவில் ஒரு மண்மேடு அப்படியே நின்றது. அகலம் என்று பார்த்தால் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான். மாநகராட்சி வரைபடத்தில் அது ரயில்வே நிலம். ரயில்வே வரைபடத்தில் அது மாநகராட்சி நிலம்.

மாநகராட்சி ஆணையர் இருவரையும் கூப்பிட்டுத் தன் அறையில் எதிரெதிரே உட்கார வைத்தார். அவர்கள் ஆணையரைப் பார்த்தே பேசினார்கள்.

"அந்த நிலம் எங்களுது இல்லைன்னு அவர்கிட்டச் சொல்லுங்க சார்" என்றார் கால்வாயார்.

"எங்களுதும் இல்லைன்னு அவர்கிட்டச் சொல்லிடுங்க சார்" என்றார் தண்டவாளத்தார்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? யாராவது ஒருத்தர் வெட்டிட்டுப் போங்களேன்."

"இன்னிக்கு வெட்டினா நாளைக்குத் தூர் வார்றதும் நம்ம தலையிலதான் விழும் சார்" என்றார்கள் இருவரும், ஒரே குரலில். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். மற்ற நாளில் ஒரு சாண் நிலத்துக்காகக் கோர்ட் படி ஏறுகிற இலாகாக்கள் இவை! ஆணையர் தேநீர் வரவழைத்தார். தேநீரைக் குடித்தார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு.

கால்வாயாருக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு ஆட்களை விட்டால் அரை நாள் வேலை. அவர் வந்து ஒரு வார்த்தை கேட்கட்டுமே என்று இவர் இருந்தார். இவர் வாய் திறந்தால் ஆகட்டும் என்று அவர் இருந்தார். மழை யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

ஒரு நாள் காலையில் கொட்டத் தொடங்கிய மழை மத்தியானமும் விடவில்லை. மகள் போன் செய்தாள். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவரைக் கலக்கியது.

"வாசப்படி தாண்டிருச்சுப்பா."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். ஆட்களெல்லாம் ஊரின் மறுகோடியில் விழுந்த மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கால்வாயார் ஸ்டோரில் இருந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாதி வழியில் ஸ்கூட்டர் நின்றுபோனது. அதைத் திட்டக்கூட நேரமில்லாமல் முழங்கால் தண்ணீரில் நடந்தார்.

அவர் வெட்டிய கால்வாய் விளிம்பு தட்ட நிரம்பி, மண்மேட்டில் முட்டி, அப்படியே திரும்பித் தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கான்கிரீட் பெட்டி காலியாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மேட்டின் மேல் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கடப்பாரையுமாக ஒருவர் நின்று மண்ணைக் குத்திக்கொண்டிருந்தார். தண்டவாளத்தார். அவருக்கும் போன் வந்திருக்கிறது.

"குடையைப் போட்டுட்டு ரெண்டு கையாலயும் குத்துங்க!" என்று கத்தினார் கால்வாயார். இரண்டு வருஷத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"நீங்க வேடிக்கை பாக்காம வெட்டுங்க!"

"இது உங்க நிலம். நீங்க அனுமதி குடுத்தாத்தான் வெட்டலாம்."

"குடுத்தேன். உங்க நிலமா இருந்தா?"

"நானும் குடுத்தேன்!"

அவர் குத்த, இவர் வாரிப் போட்டார். வழுக்கி விழுந்து, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து எழுந்தார்கள். மூச்சு வாங்கியதில் திட்டுவதற்குக்கூட முறை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு முழ அகலத்துக்கு வழி கிடைத்ததுமே மிச்ச வேலையைத் தண்ணீர் தானே பார்த்துக்கொண்டது. மேடு கரைந்து, பொதபொதவென்று பெட்டிக்குள் பாய்ந்தது. தண்டவாளத்தாரின் குடைதான் அந்த வழியில் போன முதல் பயணி.

தெருத் தண்ணீர் வடிந்ததைப் பார்த்தபடியே, சேற்றில் முக்கி எடுத்த இரண்டு பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மகள் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். உள்ளே மாப்பிள்ளை துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"வடிஞ்சிருச்சும்மா. இனிமே இந்தத் தெருவுல சொட்டுத் தண்ணி நிக்காது" என்றார் கால்வாயார்.

"சரிப்பா. நாங்க போறதாத்தான் இருக்கோம்."

"அதான் தண்ணி வராதுங்கறோமே!" என்றார் தண்டவாளத்தார்.

"தண்ணியைச் சொன்னா உங்களுக்குப் புரியும்னு தண்ணியைச் சொன்னேன் மாமா. சனிக்கிழமை நீங்க, ஞாயித்துக்கிழமை அப்பா. ரெண்டு நாளும் ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் குறை. காதுல ரத்தம் வராத குறைதான். அரை நாள் வேலை அந்த மேடு. எனக்காகக்கூட நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலையே? நாளைக்கு என் குழந்தையும் யார் மடியில முதல்ல உக்காரணும்னு கூட்டம் போட்டு முடிவு பண்ணணுமா?"

கால்வாயாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மண்வெட்டியில் ஒட்டிய சேற்றை விரலால் வழித்தார். தண்டவாளத்தார் கடப்பாரையைச் சுவரில் சாத்தினார், அது விழுந்தது, திரும்பவும் சாத்தினார்.

"கம்பெனிக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லணும்" என்றாள் மகள். "அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. ரெண்டு பேரும் சேந்து வரணும். தனியா வர்றவங்களுக்குக் கதவு திறக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மழையே வந்ததில்லை என்பது போல் வெயில் கொளுத்தியது. பழப் பையோடு கால்வாயார்தான் முதலில் வந்தார். கதவைத் தட்டினார்.

"மாமா வந்துட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னும் இல்லம்மா."

"அப்ப வரட்டும்."

ஸ்கூட்டர் சீட்டு தோசைக்கல்லாகக் காய்ந்ததால் அதிலும் உட்கார முடியவில்லை. கால்வாயார் போனை எடுத்தார்.

"சம்பந்தி, எங்க இருக்கீங்க?"

"கேட்டுல மாட்டிக்கிட்டேன். ஒரு கூட்ஸ் வண்டி குறுக்க நிக்குது."

"உங்க வண்டிதானே! நகரச் சொல்லுங்க!"

"நான் சொன்னா நகருமா? சிக்னல் விழணும்."

"நான் வெயில்ல நிக்கறேன். நீங்க இல்லாம உள்ள விட மாட்டேங்கறா."

"என்ன சொன்னீங்க? வண்டிச் சத்தத்துல சரியாக் கேக்கல."

நிற்கிற வண்டிக்கு என்ன சத்தம்? கால்வாயாருக்குப் புரிந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. தெரியட்டும்.

"நீங்க இல்லாம எனக்கு இந்த வீட்டுல இடமில்லைங்க சம்பந்தி!" என்று தெருவே கேட்கக் கத்தினார். "சீக்கிரம் வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்!"

கதவுக்குப் பின்னால் மகள் சிரிப்பது கேட்டது. பிறகு அவள் புருஷனிடம் சொன்னதும் கேட்டது.

"ஏங்க, அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட நாம வரலேன்னு சொல்லிடுங்க."

கால்வாயார் பழப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவைப் பார்த்தார். அது திறக்கவில்லை. கூட்ஸ் இன்னும் நகரவில்லை.