லீவரை இறக்கிய கை

"எடது கை லீவரை நீங்கதான் கீழே இறக்குனீங்க. ஆமாவா, இல்லையா?"

"இறக்கலேன்னா இந்நேரம் என் பொணத்துகிட்டதான் நீங்க—"

"அதைக் கேக்கலே, ஸ்தாமென் அண்ணே. இறக்குனீங்களா?"

"இஞ்சின் நின்னுபோச்சுய்யா! நின்ன பொறவுதான் இறக்குனேன்!"

பூக்காத சூரியகாந்திச் செடிகளுக்கு நடுவே ஹெலிகாப்டர் வால் ஒடிந்து சாய்ந்து கிடந்தது. தொட்டி உடைந்து வழிந்த பூச்சிமருந்தில் சுற்றிலும் இலைகள் வெளுத்திருந்தன. விமானி ஸ்தாமென் இடுப்பைப் பிடித்தபடி மண்ணில் உட்கார்ந்திருந்தார். முதலாளி கால்சேவ், கார் பானெட்டின் மேல் வைத்துத் தன் கையாலேயே எழுதிய தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். விமானியின் தவறு என்று ஆரம்பித்தது அது.

"லீவரைத் தூக்குனாத்தான் வண்டி ஏறும்னு என் நாலு வயசுப் பொண்ணுக்கே தெரியும். விழற நேரத்துல எவனாவது இறக்குவானா?"

"உங்க பொண்ணையே ஓட்டச் சொல்லுங்க. இஞ்சின் இல்லாம தூக்குனா விசிறி வேகம் செத்துடும், கல்லு மாதிரி விழுவோம். உடனே இறக்கிட்டா, கீழேருந்து வர்ற காத்தே விசிறியைச் சுத்தும். ரெண்டு ஆள் உயரத்துக்கு வந்ததும் ஒரே ஒரு தடவை தூக்கலாம். அந்த ஒரு தடவையிலதான் பொழைச்சு உக்காந்திருக்கேன்."

"விமான இன்ஸ்பெக்டர்கிட்ட இந்தக் காத்துக் கதையைச் சொல்லுங்க, சிரிப்பாரு. வர்னா டவுன்லேருந்து கிளம்பிட்டாராம். கையெழுத்துப் போட்டா மருந்து கலக்குற வேலையாவது தர்றேன். இல்லேன்னா அதுவும் கிடையாது."

"லைசென்ஸைப் புடுங்கிடுவாங்கய்யா. அம்பத்தெட்டு வயசு. வீட்டுல படுத்துக் கிடக்கற பொண்டாட்டிகிட்ட போய் என்னன்னு சொல்வேன்?" ஸ்தாமென் சட்டென்று நிமிர்ந்தார். "டோப்ரியைக் கேளுங்க. பெட்ரோல் பில்டர் அடைச்சுக்கிச்சு, புதுசு வாங்கிக் குடுங்கன்னு மார்ச்லேருந்து உங்க வாசல்லயே நின்னானே, அவனைக் கேளுங்க."

"நல்லாக் கேளுங்க. நானா தடுக்கறேன்?"

ஸ்தாமென் வலியோடு திரும்பிப் பார்த்தார். மெக்கானிக் டோப்ரி சாய்ந்த இஞ்சின் மேல் குனிந்திருந்தான். கறுப்புச் சேறு ஒழுகும் எதையோ கழற்றித் துணியில் சுருட்டி மேலுடுப்புக்குள் திணித்துக்கொண்டான். பிறகு, கால்சேவின் காரிலிருந்து வந்த சிறிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, புத்தம் புது பில்டரின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தான். இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"டோப்ரி... இனிமே பறக்காத வண்டிக்கு அதை எதுக்குடா மாட்டறே?"