பார்த்தவர்கள் பட்டியல்

ரேணுகா காலையில் கண் விழித்ததும் போனைத்தான் பார்ப்பாள். சாமி படமெல்லாம் அதற்கப்புறம். முந்தின நாள் ஸ்டேட்டஸில் போட்ட சாம்பாரையோ கோலத்தையோ யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறப்பாள். ஐம்பது பேர் பார்த்திருந்தாலும் அவள் தேடுவது ஒரே பெயரை. திருவிடந்தையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்கா துர்காதேவியின் பெயர்.

அக்காவும் தங்கையும் பேசி ஒரு வருஷமாகிறது. காரணம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். ரேணுகாவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. கடைக்காரர் பேனரின் மாதிரியைப் போனில் அனுப்பினார். ஏதோ வீடியோவில் மூழ்கியிருந்த ரேணுகா, அதைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பிவிட்டாள். மறுநாள் திருப்போரூர் மண்டப வாசலில் கட்டிய பேனரில், மனை விற்கும் புரோக்கர் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றார். அக்கா புருஷன் ராஜாராம் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தார். பெண்ணுக்குப் பெரியப்பா, பாவம்! அக்கா பந்தியில் கைகூட நனைக்காமல் கிளம்பிப் போனாள்.

பேச்சுதான் நின்றதே தவிர பார்ப்பது நிற்கவில்லை. இவள் ஸ்டேட்டஸ் போட்ட ஐந்தாவது நிமிஷம் அக்கா பார்த்திருப்பாள். அக்கா போட்டால் இவள். வெட்கக்கேடுதான், ஆனால் அந்த ஒரு பெயரைப் பார்க்காமல் ரேணுகாவுக்குச் சோறு இறங்காது.

அந்தப் பெயர் மூன்று நாளாக வரவில்லை. முருங்கைக்கீரை அடை போட்டாள். மகள் பள்ளியில் ஜெயித்து வாங்கிய கோப்பையைப் போட்டாள். ஊஹூம்.

"உன்ன பிளாக் பண்ணிகினு போய்ட்டாங்க போல" என்றான் அவள் புருஷன் கலையரசன், நாஸ்தாவிலிருந்து தலை தூக்காமல்.

"வாய கழுவு. உடம்புக்கு இன்னாவோ ஏதோன்னு நானே பயந்துகினு கீறேன்."

"அப்போ ஒரு போன் போட்டு கேளேன்."

அதுதான் முடியவில்லை. அடித்து, அக்கா எடுக்காமல் விட்டால்? உறவை ஒரேயடியாக அறுத்துவிட்டாள் என்று தெரிந்துபோகுமே. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரவும் முடியவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, கட்டிய புடவையோடு பஸ் ஏறினாள்.

கோவளத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தாள். திருவிடந்தையில் இறங்கி எதிர்ப்பக்கம் பார்த்தாள். கோவளம் போகிற ஆட்டோவுக்காகக் கையில் பையோடு ஒருத்தி நின்றிருந்தாள். அக்கா!

ரேணுகா எதையும் பார்க்காமல் ரோட்டில் கால் வைத்துவிட்டாள்.

"ஏய் ரேணு! கார் வர்து, அங்கியே நில்லுடீ!"

ஒரு வருஷம் கழித்து அக்கா பேசிய முதல் வார்த்தை. ரேணுகா நின்றாள். கார் சர்ரென்று போயிற்று. அக்காவே கையை நீட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

"எங்க கெளம்பின?" என்றாள் ரேணுகா.

"உன் வூட்டுக்குத்தான். போனு மாவு அரைக்கிற கிரைண்டர்ல வுழுந்து பூடுச்சு. ரிப்பேருக்கு கடையில குடுத்துகீறேன். மூணு நாளா நீ இன்னா ஆக்கின, இன்னா துன்னன்னு ஒண்ணியும் தெர்ல. பைத்தியம் புடிச்சிடும் போல இருந்துச்சு."

ரேணுகா அங்கேயே அழுதாள். "பேனரு என் தப்புதான்க்கா. பாக்காமலே சரின்னுட்டேன். மாமா கிட்ட நானே வந்து சொல்றேன்."

"இத சொல்ல ஒரு வர்ஷமா உனக்கு?" அக்கா அவள் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "சரி, போன குடு. மூணு நாளா இன்னா போட்டன்னு பாக்கறேன்."

"ஒரு நாள்ல தானா அழிஞ்சிடும்க்கா. நேத்து போட்டது கூட இந்நேரம் போயிருக்கும்."

"போனா போவட்டும். நீ வாயால சொல்லு."

இருவரும் வெயிலில் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். ரேணுகா அடையிலிருந்து ஆரம்பித்தாள்.