பஸ்ஸில் போட்ட மாத்திரை

றிஸானா கணபதியிடம் மூன்றே மூன்று விஷயங்கள்தான் சொல்லியிருந்தாள். போய்ப் பார்க்கக் கூடாது. போன் பண்ணக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது. பதினோரு நாளாக மனிதர் மூன்றையும் காப்பாற்றினார். பன்னிரண்டாம் நாள் காலையில் அந்தக் காரியத்தைச் செய்தபோதும், மூன்றையும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் செய்தார். அதுதான் கொடுமை.

அவருடைய மனைவி பாப்பம்மா பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். நான்கு மாதத்துக்கு முன்னால், அதே தோட்டத்துத் தினேஸ் என்ற இளைஞனைக் களவுச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். பொலிஸ் காவலில் விழுந்த அடியில் அவனுக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பாப்பம்மா உச்சுக் கொட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அவன் முதுகைப் போனில் படம் பிடித்தாள். கண்டிக்கு பஸ் ஏறிப் போய் மனித உரிமைக் காரியாலயத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தாள்.

அதோடு வீட்டில் நிம்மதி போயிற்று. இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று லயத்துக்குக் கீழே வந்து நிற்கும். இஞ்ஜினை அணைக்காமல் கால் மணிநேரம் நின்றுவிட்டுப் போய்விடும். பிறகு போன் வர ஆரம்பித்தது. மகள் லோஜினி எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிறாள், எந்தக் குறுக்குப் பாதையால் வருகிறாள் என்பதையெல்லாம் ஒரு குரல் மிக மரியாதையாகச் சொல்லும். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. கெட்ட வார்த்தை பேசியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது என்று கணபதிக்குத் தோன்றும்.

வியாழக்கிழமை கண்டியில் விசாரணை. அதுவரை பாப்பம்மாவை மறைத்து வைக்கும் பொறுப்பை றிஸானா ஏற்றுக்கொண்டாள். இப்படி மிரட்டப்படுகிறவர்களுக்குத் துணை நிற்கும் சின்ன அமைப்பொன்றில் வேலை செய்கிறவள் அவள். பிலிமத்தலாவையில் தன் அக்கா பஸ்னா நடத்தும் துணிக்கடையின் மேல்மாடியில் பாப்பம்மாவைக் கொண்டுபோய் வைத்தாள். இடம் புருஷனுக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்பது றிஸானாவின் கட்சி. பாப்பம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"அவருக்குச் சொல்லலைன்னா அந்த மனுசன் சோறு திங்க மாட்டாரு" என்றாள்.

அப்படித்தான் தோட்டத்திலேயே கணபதி ஒருவருக்கு மட்டும் அந்த இடம் தெரிந்தது.

பாப்பம்மாவுக்கு பிரஷர் இருந்தது. கையோடு கொண்டுபோன மாத்திரை பத்து நாளைக்குத்தான் வரும். திங்கட்கிழமை கிளினிக்கில் அவளுடைய அட்டையைக் காட்டி, கணபதி ஒரு மாதத்து மாத்திரை வாங்கினார். பிலிமத்தலாவையில் பாமசி இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நாலு இருக்கும். ஆனால் வேறு மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரே முடிவு பண்ணியிருந்தார். அன்பு முற்றினால் மூளை கொஞ்சம் விடுமுறை எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

தோட்டத்தில் அவசரமாக ஒன்றை அனுப்ப யாரும் தபால் கந்தோருக்குப் போவதில்லை. பொதியில் பெயரும் ஊரும் எழுதிக் கொண்டக்டர் கையில் கொடுத்தால் போதும். அவர் கண்டியில் அடுத்த பஸ்ஸுக்கு மாற்றிவிடுவார். கறிவேப்பிலையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அப்படித்தான் போய்ச் சேருகிறது. கணபதியும் செவ்வாய்க்கிழமை காலை மாத்திரையையும் ஒரு ஸ்வெட்டரையும் பையில் போட்டுக் கட்டி, ரோட்டோரம் ரமேஸின் கடைக்கு எடுத்துப் போனார். கொண்டக்டருக்குச் சிங்களத்தில் எழுத வேண்டும். கணபதிக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல ரமேஸ் மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதினான். பஸ்னா, துணிக்கடை, பிலிமத்தலாவை. எழுதியதைச் சரிபார்க்க ஒருமுறை சத்தமாக வாசித்தும் காட்டினான். பாப்பம்மாவின் பெயரை எங்கேயும் போடாததில் கணபதிக்குத் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

கடை முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். பஸ் வந்ததும் அவனே எழுந்து வந்து பையை வாங்கி, கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். நல்ல மனிதன் என்று நினைத்து கணபதி கும்பிட்டார். பஸ் போயிற்று. அவன் கிளாஸை வைத்துவிட்டு, கடைக்குப் பின்னாலிருந்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"பாப்பம்மா அக்காவுக்கு இப்ப பிரஷர் கூடவா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

பதிலுக்குக் காத்திருக்காமல் பஸ் போன பக்கமே போனான். வண்டியில் இலக்கத் தகடு இல்லை.

கணபதிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பஸ்ஸை நிறுத்த வழியில்லை. வண்டியைப் பிடிக்க வழியில்லை. றிஸானாவின் நம்பர் இருந்தது. போன் பண்ணக் கூடாது என்ற பேச்சும் இருந்தது. இனி என்ன கூடாது? அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ அடித்துவிட்டார். பிறகு றிஸானாவுக்கு மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, எடுக்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிள் எந்த வளைவைத் தாண்டியிருக்கும் என்று மனசு ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனது.

மூன்றாவது தடவை எடுத்தாள். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, அவன் போய் எத்தனை நிமிடம், வண்டியில் எத்தனை பேர், விலாசத்தைச் சத்தமாக வாசித்தார்களா என்று வரிசையாகக் கேட்டாள். அந்த நிதானம்தான் அவரை உலுக்கியது. இது நடக்கும் என்று அவள் முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

"போன வைங்க அண்ணன். மகள ஸ்கூல்ல ஈந்து கூட்டி வந்து, நாலு பேர் ஈக்கிற வீட்டுல வைங்க" என்றாள்.

லோஜினியைப் பக்கத்து லயத்தில் ஆட்கள் நிறைந்த வீடொன்றில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. வாகனம் ஓடும் சத்தம். பாப்பம்மா அக்காவை வண்டியில் ஏற்றியாயிற்று என்றாள் றிஸானா. இனி வியாழக்கிழமை வரை யாரும் அவரோடு பேச மாட்டார்கள் என்றும் சொன்னாள். பிறகு பாப்பம்மாவின் குரல் கேட்டது.

"ஏங்க, பயப்படாதீங்க. நாங்க இப்ப போறது..."

"சொல்லாத புள்ள" என்று கணபதி குறுக்கே விழுந்தார். "எங்க போறேன்னு எனக்குச் சொல்லிறாத. என்னைய நம்பாத."

முப்பது வருஷத்தில் அவளுக்குத் தெரியாமல் அவரும், அவருக்குத் தெரியாமல் அவளும் ஒரு இடத்துக்குப் போனதில்லை.

"வியாழக்கெழம நான் போய் சொல்லத்தான் போறேன்" என்றாள்.

"போ. எல்லாத்தையும் சொல்லு."

அப்போது அந்தப் பக்கம் நீளமாக ஒரு ஹோர்ன் சத்தம். யாரோ கத்தினார்கள். லைன் அறுந்தது. திரும்ப அடித்தால் போன் அணைக்கப்பட்டிருந்தது.

அவர் வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். ஹோர்ன் அடித்தது எதற்கு? வழியை மறித்தார்களா? ரோட்டில் மாடு குறுக்கே வந்ததா? றிஸானாதான் போனை அணைத்தாளா? கேட்க ஆளில்லை. பகல் சாப்பாடு ஆறிப்போய்க் கிடந்தது. மூன்று மணி ஆயிற்று, நான்கு மணி ஆயிற்று. மலையில் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் இறங்கினார்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. பாப்பம்மா அந்த மோட்டார் சைக்கிள்காரர்களிடம் சிக்கியிருந்தால், அவர்களுக்கு இனி இங்கே வேலையில்லை. சிக்கவில்லை என்றால் தேடிக்கொண்டு வருவார்கள். நான்கு மாதமாக எந்தச் சத்தத்தைக் கேட்டால் குலை நடுங்குமோ, அந்த மோட்டார் சைக்கிள் இன்றைக்கு வந்துவிட வேண்டுமே என்று மனிதர் முனியாண்டி சாமியை வேண்டிக்கொள்ளத் தொடங்கினார். பயம் போகவில்லை, அது எதைப் பார்த்துப் பயப்படுவது என்பதுதான் மாறியிருந்தது.

ஐந்தரைக்குச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது கீழே நிற்கவில்லை. லயத்துக்கே ஏறி வந்து வாசலில் நின்றது. இரண்டு பேர். பக்கத்து வீடுகளில் கதவுகள் சாத்தப்பட்டன.

"எங்கே அவள்?" என்று காலையில் பார்த்தவன் கேட்டான். அக்கா என்ற மரியாதையெல்லாம் போயிருந்தது.

"தெரியாது" என்றார் கணபதி.

அடி காதோடு விழுந்தது. கதிரையோடு சரிந்து சிமெந்துத் தரையில் கிடந்தார். மறுபடியும் கேட்டான், மறுபடியும் அடித்தான். காதுக்குள் ஒரே இரைச்சல். வலியில் கண்ணீர் வழிய, கணபதி சாமிக்கு நன்றி சொன்னார். கேட்கிறார்களே, இன்னும் கேட்கிறார்களே.