அடுத்தவர் சொல்ல முடியாத பதில்

ஸ்தோத்திரக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

எங்கள் சபையில் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனால், மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு, போதகரை அழைத்து ஜெபம் செய்து, பிரியாணி போடுவது வழக்கம். விசா கைக்கு வந்த பிறகு போடுவதும் வழக்கம்தான். அம்மாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை.

"ஆஃபர் லெட்டர் வந்தாச்சுல்ல? விசுவாசத்தோட நன்றி சொல்றதுக்கு விசா எதுக்கு?" என்றாள்.

அம்மா தபீதாள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவள் முடிவு செய்துவிட்டால் அப்பாவும் நானும் ஒன்றும் சொல்ல மாட்டோம். எனக்கு இந்தப் பேசாத குணம் அப்பாவிடமிருந்து வந்தது.

அன்று எனக்கு ஐந்து மங்கி குல்லாக்கள் கிடைத்தன. "கடல் கடந்து போகும் இந்தப் பிள்ளையை" என்று போதகர் ஜெபித்தபோது பின்வரிசையில் யாரோ அழுதார்கள். கடைசியில் கடவுள் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் மைக்கைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அது யாருக்கும் கேட்கவில்லை என்று தம்பி ஜாய்சன் பிறகு சொன்னான்.

செவ்வாய்க்கிழமை வந்த மின்னஞ்சல் சுருக்கமானது. முந்தைய வாரம் நான் கொடுத்த வீடியோ நேர்காணல் திருப்தியாக இல்லை. பதில்கள் மனப்பாடம் செய்தவையாகத் தெரிகின்றன. வெள்ளிக்கிழமை மாலை இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தேறாவிட்டால் விண்ணப்பம் ரத்தாகும்.

ஆஃபர் லெட்டர் வந்தால் இடம் கிடைத்துவிட்டது, நேர்காணல் வெறும் சடங்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அப்படியில்லை. அந்த வீடியோ நேர்காணல்தான் முக்கியம். உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறோமா என்று பார்ப்பார்கள். அதில் தேறினால்தான் பல்கலைக்கழகம் உறுதிச் சான்று தரும். அந்தச் சான்று இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

அம்மா மின்னஞ்சலை இரண்டு முறை படித்தாள்.

"ஏண்டி, தப்பா ஏதாச்சும் சொன்னியா?"

"இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

"ரொம்பச் சரியா சொல்லிட்டேன்."

"நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கோயிலுக்குப் போவேன்?" என்றாள் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு. உனக்குப் போகணுமா, வேணாமா? அதச் சொல்லு" என்று கேட்டாள்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. போகணும் என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தது.

மறுநாள் கன்சல்டன்சிக்குப் போனேன். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே, ஒரு செல்போன் கடையின் மாடியில் இருக்கிறது. அங்கே எங்களைத் தயார் செய்பவர் கீதா அக்கா. நல்லவர். எங்களுக்காக உண்மையாகவே கவலைப்படுபவர். எட்டுக் கேள்விகள், எட்டுப் பதில்கள் என்று அவரிடம் ஒரு செட் உண்டு. மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து அதைக் கோரஸாகச் சொல்வோம். "உங்கள் நாட்டின் வரலாறும் பாரம்பரியமும் என்னைக் கவர்ந்தன" என்று ஆரம்பிக்கும். "ஓய்வு நேரத்தில் மலையேறுவேன்" என்று முடியும். நான் திரிசூலம் மலையை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் மனப்பாடத்தில் நான் கெட்டி. பள்ளியில் வாங்கிய மதிப்பெண் எல்லாம் அப்படி வாங்கியதுதான்.

முதல் நேர்காணலில் திரையில் இருந்த ஆள், பாடத்திட்டத்தில் எந்தப் பகுதி பிடித்திருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்வி செட்டில் இல்லை. செட்டில் அதற்கு நெருக்கமாக இருந்த பதிலைச் சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன்.

மாடிப்படியில் தீனா உட்கார்ந்திருந்தான். கூடுவாஞ்சேரிக்காரன். அதே பல்கலைக்கழகத்தில் சரக்குப் போக்குவரத்து மேலாண்மை படிக்கப் போகிறவன்.

"இன்னா பிளஸ்ஸி, உனுக்கும் ஆப்பா?"

தலையாட்டினேன்.

"நீ மலையேறுவேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"நானும் சொன்னேன். என் வெயிட்ட பாத்தா அந்தாளு நம்புவானா? மூஞ்சிக்கு நேரா சிரிச்சான்பா."

உள்ளே கீதா அக்கா பதறிப்போயிருந்தார். எங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு தாளைத் தந்தார்.

"இது புது செட். போன வாரம் ஒரு பையன் இதச் சொல்லித்தான் கிளியர் பண்ணான். ரெண்டு நாள்ல பக்காவா ஏத்திக்கோங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. என்ன கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

முதல் வரியைப் பார்த்தேன். வரலாறு போய் இயற்கை அழகு வந்திருந்தது. மலையேற்றத்துக்குப் பதில் புகைப்படக்கலை.

"வேணாம்க்கா" என்றேன்.

"என்னம்மா? கேக்கல."

"வேணாம்க்கா." இந்த முறை அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. ஆனாலும் தாளை மேசைமேல் வைத்துவிட்டேன்.

தீனாவும் வைத்தான். "அவ வேணான்னா எனுக்கும் வேணாம்க்கா. மறுபடி ஒரே பதில சொல்லி ரெண்டு பேரும் மாட்டிக்கினா பேஜாராப் பூடும்."

"அப்புறம் என்னதாம்ப்பா சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் கீதா அக்கா. அதை யோசித்துக்கொண்டே இருவரும் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு நடந்தோம்.

அவனுக்கும் எனக்கும் செங்கல்பட்டு வண்டிதான். நான் பெருங்களத்தூரில் இறங்கிவிடுவேன். பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். வண்டிகள் வந்து போயின. நாங்கள் ஏறவில்லை.

"நான் கேக்கறேன், நீ சொல்லு" என்றான் தீனா. "இந்தப் படிப்பு எதுக்கு?"

"நீரியல் துறையில் எனக்கு ஆர்வம்..."

"நிறுத்து. 'நீரியல்'ன்றத எடுத்துட்டு 'சரக்கு'ன்னு போட்டா அது என் பதிலு. நான் சொன்னாலும் பொருந்துதுன்னா அது உன்னுது இல்ல."

அதுவே எங்கள் விதியானது. அடுத்தவர் சொல்ல முடிகிற பதில் செல்லாது. முதல் நாள் மாலை வெகுநேரம் என் பதில் ஒன்றுகூடத் தேறவில்லை. அவனுடையது ஒன்று தேறியது.

"தீவாளிக்கு மொத நாளு பெருங்களத்தூர்ல பஸ்ல மாட்டிக்கினு கீறியா? நான் மாட்டிக்கினேன். பின்னாடி ஆம்புலன்ஸ் கத்துது. ஒருத்தனாலயும் நவுர முடில. அத்தினி வண்டிய எப்டி பிரிச்சு அனுப்பறதுன்னு அன்னிலேந்து மண்டைல ஓடிக்கினே கீது. அதான் மேட்டர்."

"இது செல்லும்" என்றேன்.

"உனுக்கு மண்டைல ஓடற மேட்டர் இன்னா?"

இருந்தது. யாரும் கேட்டதில்லை என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் குடியிருப்பில் மூன்று பிளாக்குகள், மூன்று ஆழ்குழாய்க் கிணறுகள். இளங்கலையின் கடைசி ஆண்டில் அவற்றின் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்ற கடினத்தன்மையைத்தான் நான் அளந்தேன். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. சோதனைத் திரவம் சொட்டச் சொட்ட, குடுவையில் சிவப்பு நீலமாகும் அந்த ஒரு சொட்டுக்காகக் காத்திருப்பது எனக்குப் பிடிக்கும். மழைக்குப் பின் ஏ பிளாக்கிலும் பி பிளாக்கிலும் கடினத்தன்மை குறைந்தது. சி பிளாக்கில் மட்டும் ஏறியது. நீ தப்பாக அளந்திருப்பாய் என்றார்கள் கல்லூரியில். திரும்ப அளந்தேன். திரும்பவும் ஏறித்தான் இருந்தது.

தீனாவிடம் இதைச் சொல்லும்போது கடற்கரை நிலையத்துக்குப் போகும் வண்டி ஒன்று இரைந்துகொண்டு வந்தது. அறிவிப்பும் கூடவே ஒலித்தது. நிறுத்தினால் பேச்சு விட்டுப்போய்விடும் என்று குரலை உயர்த்திச் சொன்னேன். வண்டி நின்ற பிறகும் அதே குரலில் பேசிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துப் பெஞ்சில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் குறுக்கிட்டார். "ஏம்மா, இங்கல்லாம் தண்ணி இல்லையா? அத படிக்க இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போற?"

தீனா சிரித்தான். "அக்கா, இத்தான் அங்க கேக்கப் போறாங்க. நீ லண்டன்ல இன்டர்வியூ எடுக்கலாம்."

"கிண்டலா? பதில சொல்லச் சொல்லு அந்தப் பொண்ண."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதனால் ஒழுங்காகப் பதில் சொன்னேன். இங்கேயும் படிக்கலாம். ஆனால் அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு பருவம் முழுக்க நிலத்தடி நீர் மட்டும். தண்ணீர் பாறைக்குள் எந்த வழியாகப் போகிறது என்று மாணவர்களே களத்தில் போய்த் தடம் பிடிக்க வேண்டும். நான் விசாரித்த வரையில் எனக்குக் கிடைக்கக்கூடிய படிப்பு எதிலும் அது இல்லை.

"அப்டி சொல்லு" என்றார் அந்தப் பெண். கூடையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினார்.

வியாழக்கிழமையும் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். பாடத்திட்டத்தை வரி வரியாகப் படித்தோம். முதல் முறை விண்ணப்பித்தபோது நான் தலைப்பைத் தாண்டிப் படிக்கவேயில்லை. தங்கப் போகும் விடுதியிலிருந்து ஆய்வகத்துக்கு எப்படிப் போவது என்று வரைபடத்தில் விரலால் நடந்து பார்த்தோம். நடுவில் ஆறு ஒன்று, பாலம் ஒன்று. அந்த ஊர் அப்போதுதான் எனக்கு ஊராகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் தீனாவின் முறை. முடிந்ததும், "அரை மணி நேரம் பேசிக்கினே இருந்தேன். அந்தாளு கைய வச்சு போதும் போதும்ன்றான்" என்று குரல் பதிவு அனுப்பினான்.

மாலை நான்கு மணிக்கு என் முறை. அம்மா குக்கரை அணைத்துவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "சத்தமா ஜெபிக்காதம்மா, மைக்ல விழும்" என்று ஜாய்சன் சொல்வது கேட்டது.

திரையில் நரைத்த கிராப்புடன் ஒரு பெண்மணி. வணக்கம் சொன்னார். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். செட்டின் முதல் வரி தானாக வாய்க்குள் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"எங்கள் குடியிருப்பில் மூன்று கிணறுகள் இருக்கின்றன" என்று ஆரம்பித்தேன்.

என் ஆங்கிலத்தில் தவறுகள் இருந்தன. இரண்டு இடத்தில் சொல் கிடைக்காமல் நின்றேன். அவர் காத்திருந்தார். நடுவில் தாம்பரம் விமானப்படைத் தளத்து விமானம் ஒன்று கூரைக்கு மேலே போனது. நான் குரலை உயர்த்தினேன். நிறுத்தவில்லை.

"உங்கள் தண்ணீர் உண்மையில் அவ்வளவு கடினமா?" என்று கேட்டார்.

"ஒரு நிமிடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். குளியலறை வாளியில் தொங்கிய ஹீட்டர் காயிலைக் கொண்டுவந்து கேமரா முன் பிடித்தேன். கம்பியே தெரியாமல் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்திருந்தது. அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து பார்த்தார். அதன் பிறகு அவர் முகம் வேறாக இருந்தது.

"மூன்றாவது கிணற்றில் மட்டும் ஏன் ஏறியது?"

கீதா அக்காவின் குரல் காதுக்குள் கேட்டது.

"தெரியாது" என்றேன். "மழைநீர் அங்கே வேறு பாறை வழியாக இறங்கலாம். பழைய கட்டட இடிபாடு புதைந்திருக்கலாம். இரண்டையும் சோதிக்க என்னிடம் கருவி இல்லை, படிப்பும் இல்லை. அதற்காகத்தான் வருகிறேன்."

அவர் எதையோ எழுதினார். விடுதியிலிருந்து எப்படி வருவாய் என்று கேட்டார். பாலத்தைச் சொன்னேன். படித்து முடித்து என்ன செய்வாய் என்று கேட்டார். சி பிளாக்குக்குத் திரும்பி வருவேன், இந்த வட்டாரத்தில் அதைப் போல எத்தனை கிணறுகள் என்று பார்ப்பேன் என்றேன்.

கடைசியாகப் புன்னகையோடு சொன்னார். "ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊர்த் தண்ணீர் மிக மென்மையானது. உனக்கு அளக்க ஒன்றும் இருக்காது."

"பரவாயில்லை" என்றேன். "தலைமுடியாவது கொட்டாமல் இருக்கும்."

யோசித்துச் சொன்னதில்லை. அப்படியே வந்துவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஜாய்சனும் சிரித்தான்.

திங்கட்கிழமை காலை கன்சல்டன்சிக்குப் போகும் வழியில் மகளிர் பெட்டியில் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. வண்டி பெருங்களத்தூரிலிருந்து கிளம்பியிருந்தது. முதல் வரியைப் படித்தேன். நேர்காணலில் தேறிவிட்டேன். உறுதிச் சான்று இணைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு தனி வரி: மூன்றாவது கிணற்றின் அளவீடுகளை மறக்காமல் கொண்டுவரவும்.

உடனே தீனா அழைத்தான். "மச்சான், வந்துச்சா? எனுக்கு வந்துச்சு! உனுக்கு?"

"வந்துடுச்சு!"

"இன்னா? கேக்கல, வண்டி சத்தம்!"

"வந்துடுச்சு தீனா! நான் போறேன்!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. ஜன்னலோரம் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா, "எங்கம்மா போற?" என்று கேட்டார். சொன்னேன். "இன்னா படிக்கப் போற?" என்றார் இன்னொருவர். அதையும் சொன்னேன். எங்கள் வீட்டுத் தண்ணீரும் அப்படித்தான், குடம் வெளுத்துப் போகிறது என்றார் ஒருவர். எந்தத் தெரு, கிணறு எத்தனை அடி என்று கேட்டேன். நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

தாம்பரம் வந்தது. நான் அங்கே இறங்கியிருக்க வேண்டும். பேச்சு பாதியில் இருந்ததால் இறங்கவில்லை.