நாற்பது இடதுகைக்காரர்கள்

அஞ்சல் வண்டி கிளப்பும் புழுதியைக் கண்டதும் ஆர்லிஸ் ட்வெய்ட் அன்றைக்கும் சாலைக்கு ஓடினாள். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு பெட்டிக்காக இப்படி ஓடுவது அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓடினாள்.

அந்த மண்சாலையில் இருபது வருடமாகக் கடிதம் போடுகிற லோரெட்டா, வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கையை விரித்தாள்.

"வரலடி. கரண்ட் பில்லும் பல் டாக்டர் கார்டும்தான் இருக்கு. வேணுமா, இல்ல திருப்பி அனுப்பிடவா?"

"மார்ச்சுல ஆர்டர் பண்ணது லோரெட்டா! செப்டம்பர் முடியப் போகுது."

"மார்ச்சுல பொறந்த கன்னுக்குட்டி எல்லாம் இந்நேரம் சந்தைக்கே போயாச்சு. உன் பெட்டி இன்னும் கருவுலயே இருக்கா?"

ஆர்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜனவரியில் அவளுடைய வலது கண்ணில் விழித்திரை கழன்றது. அறுவை சிகிச்சை செய்தார்கள். கண் தப்பியது, நடுப்பார்வை போய்விட்டது. இனி குறி பார்க்க இடது கண்தான், துப்பாக்கியை வைக்க இடது தோள்தான். ஏப்ரலில் எல்க் மான் வேட்டைக்கான குலுக்கலில் அவள் பெயர் விழுந்தது. நார்த் டகோட்டாவில் அந்த அனுமதிச் சீட்டு ஒருவருக்கு ஆயுளில் ஒரே ஒரு முறைதான். இருபத்தேழு வருடம் விடாமல் எழுதிப் போட்டவளுக்கு, கண் போன வருடம் பார்த்து விழுந்திருக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிறோடு அது வெறும் காகிதம்.

அவளிடம் இருந்தது துண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற வகைத் துப்பாக்கி. குழல் ஓரிடம், விசை ஓரிடம், தோள்கட்டை ஓரிடம் என்று வாங்கிச் சேர்த்து, சாப்பாட்டு மேசையில் வைத்து அவளே பூட்டியது. சுட்டதும் வெற்றுப் பித்தளைக் கூட்டை வலப்பக்கம் துப்பும். அதை இடது தோளில் வைத்தால் அந்தச் சூடான பித்தளை முகத்துக்குக் குறுக்கே பறக்கும். மே மாதம் ஒரு தடவை சுட்டுப் பார்த்தாள். பாதுகாப்புக் கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒன்று வந்து விழுந்து தோலைப் பொசுக்கியது. இன்னும் ஒரு விரலகலம் மேலே பட்டிருந்தால் மிச்சமிருந்த கண்ணும் போயிருக்கும். கூட்டைக் கையால் இழுத்துத் தள்ளுகிற பழைய வகைத் துப்பாக்கியை இரவல் கொடுக்க ஊரில் ஆள் இருந்தது. அவளுடையதைவிடப் பலமாக அது தோளில் இடிக்கிற இடி, ஒட்டவைத்த விழித்திரைக்கு ஆகவே ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஆக, அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. குழலோடு சேர்ந்த, இடப்பக்கம் துப்புகிற மேல்பாதி. மிசூரியில் ஹாலிஸ் என்ற ஒருவர் மட்டும்தான் அவளுடைய துப்பாக்கிக்குப் பொருந்துகிற மாதிரி அதைச் செய்கிறார். பத்து வாரம் என்று போட்டிருந்தார். பத்து வாரம் கழித்தும் அவருடைய இணையப் பக்கம் "தயாரிப்பில்" என்றே சாதித்தது. கடிதம் எழுதினால், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று தானாக ஒரு பதில் வந்து விழும். இல்லாத பொறுமைக்கு யாராவது நன்றி சொன்னால் வயிறு எரியாதா?

இடதுகைக்காரர்கள் கூடிப் புலம்புகிற ஒரு பக்கம் இணையத்தில் இருந்தது. ஆர்லிஸ் தினமும் அதைப் படித்தாள். ஆரம்பத்தில் கோபத்தில் படித்தாள். போகப் போக அது ஆர்வமாக மாறிவிட்டது. அலபாமாக்காரர் வருடத் தொடக்கத்திலிருந்து காத்திருக்கிறார். ஒரிகானில் ஒரு பெண்மணி இரண்டு வேட்டைக்காலம் இழந்துவிட்டாள். ஒருத்தருக்குமே வரவில்லை. சிலருக்கு வந்து சிலருக்கு வராவிட்டால் அது சோம்பேறித்தனம். ஒருவருக்குமே வராவிட்டால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் என்ன என்பது, வலிக்கிற பல்லை நாக்கு தொட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி அவளை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் தொலைபேசியை எடுத்தாள். பட்டறைக்காரர்கள் பகலில் எடுக்கமாட்டார்கள். இயந்திரம் ஓடும் சத்தத்தில் மணி கேட்காது. காபி குடிக்கிற நேரத்தில் பிடிக்க வேண்டும்.

"ஹாலிஸ் பேசறேன்."

"ஆர்லிஸ் ட்வெய்ட், நார்த் டகோட்டா. என் மேல்பாதி எங்க ஐயா இருக்கு?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு.

"ஓ, நீங்களா? அந்த கேன்சல் அம்மா!"

"என்ன சொன்னீங்க?"

"ஜூன்ல ஒரு தடவ கேன்சல் பண்ணி மறுபடி போட்டீங்க. ஆகஸ்ட்ல திரும்பவும் அதே. ஏம்மா அப்படிப் பண்றீங்க?"

"புதுசா போட்டா சீக்கிரம் வரும்னு நெனச்சேன். பழசு எங்கயோ சிக்கிக்கிச்சுன்னு."

"கேளுங்க. வார்ப்பாலைக்காரன் இடதுகை அச்சுல நாப்பதுக்குக் குறைஞ்சா ஊத்தமாட்டான். அதனால நாப்பது ஆர்டர் சேர்ந்தாத்தான் எனக்கு வேலையே ஆரம்பம். ஜூன் மாசம் ஒரு திங்கக்கிழம முப்பத்தொம்பது இருந்துச்சு. சாயங்காலம் ஒரு ஆள் கேன்சல். செவ்வாக்கிழம காலையில ஒண்ணு புதுசா வந்துச்சு. திரும்பவும் முப்பத்தொம்பது. நீங்க திரும்பி வந்தது வியாழக்கிழம. அதுக்குள்ள கடுப்புல மூணு பேர் ஓடிட்டாங்க."

ஆர்லிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அந்தத் திங்கக்கிழம ஆள்..."

"நீங்கதாம்மா."

அலபாமாக்காரர், ஒரிகான் பெண்மணி எல்லோரும் அவள் கண்முன் வரிசையாக வந்து நின்றார்கள். நான்கு மாதமாக எந்தப் படுபாவி இப்படிச் செய்கிறான் என்று தேடிக்கொண்டிருந்தவள், அந்தப் படுபாவி தன் சமையலறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் காது மடல் வரைக்கும் சிவந்துபோனாள்.

"இப்ப எத்தன இருக்கு?"

"முப்பத்தேழு. வெள்ளிக்கிழம மத்தியானத்துக்குள்ள நாப்பது சேர்ந்தா அடுத்த வாரமே போட்டுடுவேன். இல்லன்னா இயந்திரம் வலதுகை வேலைக்குப் போயிடும். அப்புறம் டிசம்பர்தான்."

"மூணு பேரை நான் கொண்டு வந்தா?"

அவர் சிரித்தார். "கையைப் பாக்காதீங்கம்மா, கண்ணைப் பாருங்க. எங்கிட்ட வாங்கறவங்கள்ல பாதிப்பேர் வலதுகையாலதான் எழுதறாங்க. ரெண்டு கையையும் நீட்டி விரலச் சேத்து முக்கோணமா வச்சு, அதுக்குள்ள உங்களப் பாக்கச் சொல்லுங்க. முக்கோணத்துல எந்தக் கண்ணு தெரியுதோ அதுதான் அவங்க குறி பாக்கற கண்ணு."

வியாழக்கிழமை மாலை லூத்தரன் தேவாலயத்தில் இலையுதிர்கால விருந்து. நீண்ட மேசைகளில் லூடஃபிஸ்க் மீனும் உருக்கிய வெண்ணெயும் உருளைக்கிழங்கு அப்பமும். ஆர்லிஸ் தட்டை எடுக்கவே இல்லை. மேசை மேசையாகப் போய், கையை நீட்டு, முக்கோணம் வை, என்னைப் பார் என்றாள். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க ஜனங்கள் வெண்ணெய்க் கையால் முக்கோணம் வைத்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயர் வந்து, இது என்ன புது ஜெபம் என்று கேட்டார்.

லோரெட்டாவுக்குச் சோதனையே தேவைப்படவில்லை. முள்கரண்டி இடது கையில்தான் இருந்தது.

"இடது தோள்லதான் சுடறியா நீ?"

"பின்ன? கயோட் நரியச் சுடப்போனா அந்தப் பித்தளை சட்டைக்குள்ள போய் விழும். நான் ஆடற ஆட்டத்தப் பாத்தே நரி ஓடிடும்." சொல்லிக்கொண்டே வந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இருடி. ஆறு மாசமா நீ எதிர்பாக்கற பெட்டியில இருக்கறது இதுக்கு மருந்தா? ஏண்டி பாவி இவ்வளவு நாளா சொல்லல?"

"கேக்கலியே நீ."

கால்நடை மருத்துவர் இங்வால்ட் எழுதுவது, ஊசி போடுவது எல்லாம் வலது கையால். முக்கோணத்தில் இடது கண் தெரிந்தது. அவர் நம்பவில்லை, மறுபடி வைத்தார், மறுபடியும் இடது. பல வருடமாகத் தலையைக் கோணிக்கொண்டு குறிபார்த்ததாலேயே கழுத்து வலி வந்தது என்று அங்கேயே முடிவு கட்டி, அங்கேயே போனை எடுத்து ஆர்டர் போட்டார். லோரெட்டாவோடு சேர்த்து முப்பத்தொன்பது.

அதோடு நின்றது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி வரை அவள் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்துவிட்டாள். ஒருவரும் இல்லை. போனை வீசிவிட்டு வெளியே வந்தாள். வெர்லின், அவளுடைய புருஷன், தானியக் குதிரின் பக்கத்தில் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். நேற்று அவன் மீன் வேகவைக்கிற கூட்டத்தோடு தேவாலயச் சமையலறையில் இருந்ததால் அவளுடைய சோதனையில் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் அவள் கேட்டிருக்கமாட்டாள். வேட்டைக்காலத்தில் ஊரே ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வீட்டிலிருந்து சூப் வைக்கிற ஆள் அவன். குளிர் ஒத்துக்கொள்ளாது என்பான்.

"ஏ கிழவா, கையத் துடை. முக்கோணம் வை. என்னைப் பாரு."

"உனக்கு முத்திப்போச்சு."

"பாருன்னா பாரேன்!"

எண்ணெய்க் கையை நீட்டி அவன் பார்த்தான். முக்கோணத்துக்குள் தெரிந்தது அவனுடைய இடது கண்.

மூன்று தடவை வைக்கச் சொன்னாள். மூன்று தடவையும் அதே நீலக் கண் அவளைப் பார்த்தது.

"வெர்லின், நீ எப்பவாவது சுட்டிருக்கியா?"

அவன் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். "பன்னெண்டு வயசுல. அப்பா கூட்டிட்டுப் போனாரு. மானு இந்தா இங்கேர்ந்து அந்தக் கொட்டகை தூரம். அண்ணன்மாரு ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நாலு சுட்டேன். நாலும் போச்சு. அஞ்சாவதுக்கு அப்பா துப்பாக்கியப் புடுங்கிட்டாரு. போய் உங்கம்மாவுக்கு உருளக்கிழங்கு உரின்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"எந்தத் தோள்ல வச்சே?"

"வலதுலதான். எல்லாரும் அப்படித்தானே வைப்பாங்க?"

முப்பத்துநான்கு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவள் அவள். கோபம்தான் முதலில் வந்தது. "எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"சுட வராதுன்னு சொல்றதவிட குளிரு ஒத்துக்காதுன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு." துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "எத்தன பேரு குறையுது?"

"ஒருத்தர்."

"என் பேரப் போடு."

பதினொன்றே முக்காலுக்கு ஹாலிஸ் போனை எடுத்தார். "நாப்பது. அம்மா, தயவுசெஞ்சு இந்தத் தடவ எதையும் தொடாதீங்க."

அவள் தொடவில்லை. கிட்டத்தட்ட நான்கு வாரம் கணினிப் பக்கமே போகவில்லை.

அக்டோபரின் கடைசி வியாழக்கிழமை லோரெட்டா வண்டியின் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தாள். ஆர்லிஸுக்கும் வெர்லினுக்கும் இரண்டு பெட்டிகள், லோரெட்டாவுடையது ஏற்கெனவே அவள் மடியில் பிரித்துக் கிடந்தது. ஆர்லிஸ் சாப்பாட்டு மேசையில் இரண்டு பூட்டு ஊசிகளைத் தள்ளிப் பழைய மேல்பாதியைக் கழற்றி, புதியதை மாட்டினாள். வெள்ளிக்கிழமை மேய்ச்சல் நிலத்தில் இரும்புத் தகட்டை நிறுத்திக் குறி சரிசெய்தாள். பித்தளை இடப்பக்கம் புல்லில் போய் விழுந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளத்தாக்கில், நூற்றைம்பது கஜத்தில், ஒரு பெண் எல்க். ஒரே குண்டு. அவள் அங்கேயே மண்டியிட்டு, யாருமில்லை என்பதால் கொஞ்சம் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இறைச்சியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது வெர்லின் வந்து நின்றான். அவனுடைய மேல்பாதி இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது. அதை மாட்ட, விசையும் தோள்கட்டையும் உள்ள கீழ்ப்பாதி அவனிடம் கிடையாது.

"அந்தத் தகடு இன்னும் அங்கதான நிக்குது?"

"நிக்குது."

"சும்மா கேட்டேன்."

ஆர்லிஸ் கையைக் கழுவினாள். அவனுடைய பெட்டியைப் பிரித்து, அதிலிருந்ததை எடுத்துத் தன்னுடைய கீழ்ப்பாதியில் மாட்டி, ஒரு மரக்கட்டையைச் சுட்டுக் குறி சரிசெய்தாள். மேய்ச்சல் நிலத்தில் அவன் பழக்கத்தில் வலது தோளுக்குத்தான் கொண்டுபோனான். அவள் இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். வைத்தான். கன்னம் பதிந்தது. வெகுநேரம் சுடவே இல்லை.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நேரா தெரியுது."

சுட்டான். நூறு கஜத்துக்கு அப்பால் இரும்பு கணீரென்று ஒலித்தது. மறுபடி சுட்டான், மறுபடி ஒலித்தது. ஐந்து குண்டு, ஐந்து ஒலி. துப்பாக்கியை அவளிடம் கொடுத்துவிட்டுத் தகடு வரை நடந்துபோனான். ஐந்து புது வடுக்களையும் விரலால் தொட்டான். எல்லாம் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. அதே நிதானத்தில் திரும்பி வந்தான்.

"அப்பா போய் இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு," என்றான். "இல்லன்னா இப்பவே போன் போட்டிருப்பேன்."

ஆர்லிஸ் இன்னும் ஐந்து தோட்டாவை எடுத்து அவன் கையில் வைத்தாள்.