மேஜரோடு போன இன்டர்வியூ

எங்கள் ராஜபாளையத்தில் சிலர் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், கடைவீதியில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள், நாயிடம் மட்டும் இங்கிலீஷ் பேசுவார்கள். 'கம்', 'சிட்' என்றால்தான் நாய் மதிக்கும். உட்காரு என்றால் நம்மையே திரும்பிப் பார்க்கும்.

இதனால் வந்த வில்லங்கம் 1988இல் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பரிபூரணம் டீச்சர் மாடியில் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். பட்டாளத்தில் காலமெல்லாம் இந்தியில் திட்டு வாங்கிய நான், இங்கிலீஷில் திட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று சேர்ந்தேன். என் வெள்ளை நாய் மேஜரும் வரும். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு ஜன்னலோரம் கொடுப்பார்.

என்னோடு படித்தவள் குருவம்மாள். நூல் மில்லில் வேலை. பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்து, இனி மெஷின் பக்கம் போனால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே மில் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர் இடம் காலியாக இருந்தது.

"அந்த நாற்காலியில உக்காராம ஓயமாட்டேன், அண்ணாச்சி."

ஆனால் மனித முகத்தைப் பார்த்தால் அவளுக்கு இங்கிலீஷ் வராது. டீச்சர் அவள் பெயர் என்ன என்று கேட்டாலே வியர்த்துவிடும். மேஜரை எதிரே உட்கார வைத்தால் மடை திறந்தது போலப் பேசுவாள். சரியாகச் சொன்னால் மேஜர் தலையாட்டும். தப்பென்றால் சுவரைப் பார்த்துக்கொள்ளும்.

"இன்டர்வியூக்கு மேஜரக் கூட்டிட்டுத்தான் போவேன்" என்றாள்.

"ஏட்டி, எல்லாரும் சிரிப்பாவட்டி!" என்றார் டீச்சர்.

"வேலயக் குடுத்துட்டு எம்புட்டு வேணாலும் சிரிக்கட்டும், டீச்சர்."

இன்டர்வியூ எடுத்த மில் ஆபீசர் பம்பாய்க்காரர். தமிழ் தெரியாது. நான் மேஜரின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றேன். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் குருவம்மாள் மேஜரைப் பார்த்துப் பதில் சொன்னாள். முதலில் முழித்த ஆபீசர், போகப் போகத் தானும் மேஜரிடமே கேள்வி கேட்க ஆரம்பித்தார். யார் யாரிடம் வேலை கேட்கிறார்கள் என்று எனக்கே குழம்பிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு பூனை போயிற்று. மேஜர் சங்கிலியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாய்ந்துவிட்டது.

குருவம்மாள் வாய் மூடிக்கொண்டது. ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார், எழுந்து கதவைக் காட்டினார்.

அவள் எழவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். மேஜரைப் பார்க்கும் அதே பார்வையை அவர்மீது வைத்தாள்.

"சிட்!"

ஆபீசர் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். வாசலில் நின்ற வாட்ச்மேன் சின்னக்கருப்பன்கூட உட்கார்ந்ததாக அவனே சொன்னான்.

"ஐ ஹேவ் நாட் ஃபினிஷ்டு" என்று ஆரம்பித்தாள். இருமலைச் சொன்னாள், தூசியைச் சொன்னாள், அந்த நாற்காலி தனக்கு ஏன் வேண்டும் என்று சொன்னாள். ஓரிடத்தில் இருமல் வந்து பேச்சு நின்றது. இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கண்ணை மட்டும் இறக்கவில்லை.

"யெஸ், மேடம்" என்றார் ஆபீசர்.

திங்கட்கிழமையே டெலிபோன் முன்னால் உட்கார்ந்தாள். அவள் 'ஹோல்ட் ஆன்' என்றால் எதிர்முனையில் இருப்பவர் அசையமாட்டார். கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு நின்றாராம். அவர் மனைவி பக்கத்து வீட்டிலிருந்து போன் செய்து, "அவரு இப்ப உக்காரலாமுங்களா?" என்று குருவம்மாளிடம் கேட்டாள்.